மௌனத்தை அளந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் விருதுநகரில், நான் பணிபுரியும் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு செய்முறைத் தேர்வு. மேசைமேல் நிறமாலைமானி, முப்பட்டகம், எதிரே மஞ்சளாய் எரியும் சோடிய விளக்கு. முப்பட்டகம் வைத்த மேடையை மெல்லச் சுழற்றினால், தொலைநோக்கியில் தெரியும் பிளவின் பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். அந்தத் திருப்பந்தான் சிறுமத் திசைமாற்ற நிலை. இயற்பியல் படித்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

மலையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து படித்த ஒரு மாணவரிடம், "பிம்பம் எங்கே திரும்புது, சொல்லு தம்பி" என்று கேட்டேன். பதில் இல்லை. வேண்டிய அளவு பொறுத்திருந்தேன் என்றுதான் அப்போது எண்ணினேன். வாய்மொழித் தேர்வுக்கான கட்டத்தில் சுழியைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். மாலையில் ஆய்வுக்கூட உதவியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அவன் மேடையைத் திருப்பி, பிம்பம் நிக்கிற எடத்துல நிறுத்திக் காட்டினானே. நீங்க தாளைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. விடை கொடுக்கப்பட்டிருக்கிறது, காதால் மட்டும் கேட்டவனுக்கு அது மௌனமாகப் பட்டிருக்கிறது. ஒருவர் பேசவில்லை என்று முடிவு கட்டுவதற்கு எந்தக் கருவியை நம்புவது? இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றிருபது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது என்பதும், அதில் நம் மாவட்டத்து மலைமக்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தன.

மலையில் எழுதிய குறிப்பு

விருதுநகரிலிருந்து மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாள்களில் நீலமாய் ஒரு மலைத்தொடர் தெரியும். திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புப் பக்கத்து அத்திக்கோயில் ஆகிய இடங்களில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் மலைச்சரிவுகளிலும் இவர்கள் வாழ்கிறார்கள். தேன், கிழங்கு, மலைப்படு பொருள்கள் இவற்றோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். இவர்களுடைய பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது.

பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1962 முதல் 1964 வரை பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனவரல்லர்; பல மாதங்கள் உடனிருந்தவர். ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்வதில்லை, போட்டி போடுவதில்லை, சினம் வந்தால் சண்டைக்கு நிற்காமல் விலகிப் போய்விடுவார்கள் என்று பளியரைப் பற்றி மிகுந்த மதிப்போடு எழுதினார். 1966-இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. பளியர் மிகக் குறைவாகவே பேசுவார்கள். நாற்பது வயதை எட்டும்போது ஏறக்குறைய மௌனிகளாகவே ஆகிவிடுவார்கள். மிகுதியாகப் பேசுகிறவரை இயல்பற்றவராக எண்ணுவார்கள் என்பது அதன் சாரம்.

இந்தச் செய்தி கடல் கடந்தது. பேச்சுக்கு எல்லாச் சமூகங்களும் ஒரே மதிப்பைத் தருவதில்லை என்று வாதிட்ட டெல் ஹைம்ஸ் என்னும் புகழ்பெற்ற மொழியறிஞர் இதைச் சான்றாக எடுத்துக்காட்டினார். அவர் எழுத்தில் பளியர் 'புலியா' ஆனார்கள். 1986-இல் வெளிவந்து, பிறகு பல பதிப்புகள் கண்ட ரொனால்டு வார்டாஃபின் சமூக மொழியியல் பாடநூலில் 'புலியனீஸ்' ஆனார்கள். பெயர் இப்படித் தேய, செய்தியோ வளர்ந்தது. மிகக் குறைவாகப் பேசுகிறவர்கள் என்று தொடங்கியது, பேசுவதற்கு அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. நம் மலையில் வாழும் மக்களைப் பற்றி உலகத்துக் கல்லூரிகளில் மாணவர்கள் படித்த வரிகளில் முதன்மையானது இதுவாகத்தான் இருக்கும்.

கார்ட்னர் கண்டது பொய் என்று சொல்ல நான் வரவில்லை. இயற்பியல்காரன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: எதைக் கொண்டு அளந்தார்? கண், காது, குறிப்பேடு ஆகியவற்றைக் கொண்டு. 1962-இல் மலைக்காட்டில் வேறென்ன கிடைத்திருக்கும்? கருவிகள் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டன. ஆனால் அவை வேறு வேலைக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தன.

கருவி வந்த வழி

லூமியேர் சகோதரர்கள் பாரிசில் மக்களுக்குத் திரைப்படம் காட்டியது 1895 டிசம்பர் 28-இல். மூன்றாண்டுகூட முடியவில்லை, 1898-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக்குழு ஒரு திரைப்படக் கருவியையும் உடன் கொண்டு போயிற்று. குழுத்தலைவர் ஆல்ஃபிரெட் ஹாடன் அடிப்படையில் ஒரு விலங்கியலாளர். மெர் என்னும் தீவிலிருந்து புறப்படவிருந்த நாள்களில்தான் அவர் கருவியை இயக்கினார். எஞ்சியிருக்கும் படம் ஏறக்குறைய நான்கு நிமிடந்தான். அதில் நடனங்கள் உண்டு. கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கும் காட்சியும் உண்டு. தீக்குச்சி செய்து பிழைக்கும் ஊர்களில் வாழும் நமக்கு அது தனிச் சுவை தரும்.

ஆனால் அந்த நடனத்திற்குரிய சடங்கு அப்போது வழக்கொழிந்து போயிருந்தது. ஹாடனின் வேண்டுகோளுக்காக அட்டையில் முகமூடி செய்து ஆடினார்கள். ஆக, மலைமக்களையும் தீவுமக்களையும் படம்பிடித்த வரலாறு அன்றாட வாழ்க்கையோடு தொடங்கவில்லை. ஆடிக் காட்டச் சொல்லித் தொடங்கிற்று.

அக்குழுவில் இருந்த மருத்துவர் ரிவர்ஸ் 1901-இல் நம் நீலகிரிக்கு வந்து தோடரிடையே ஆராய்ந்தார். 1906-இல் வெளிவந்த அவருடைய தோடர் பற்றிய பெருநூல் வமிசாவளிகளும் சடங்குகளும் நிறைந்தது. இரண்டு தோடர் எருமைக் கொட்டில் அருகே நின்று என்ன பேசிக்கொண்டார்கள், யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்பதை அதில் தேடுவது வீண். அந்தக் கேள்வியே அப்போது பிறக்கவில்லை.

அடுத்து ஒலி. கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கீட்டோடு சேர்ந்து, 1913 முதல் பல மொழிகளை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். எதைப் பேசச் சொன்னார்கள் தெரியுமா? பெரும்பாலும் விவிலியத்திலுள்ள ஊதாரி மைந்தன் உவமையை. எந்த மொழியானாலும் அதே கதை, ஒப்பிட எளிது. குழல்போன்ற வாய்க்கு முன்னே ஒருவர் நின்று ஒப்பிப்பார். எதிரே பதில் சொல்ல யாரும் இல்லை. பேச்சின் ஒலி கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

1935 முதல் 1938 வரை நீலகிரியிலும் பிற இடங்களிலும் பணிசெய்த எமனோவின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட எவராலும் முடியாது. பரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-இல் வந்தது; இன்றும் அது இல்லாமல் வேலை நடக்காது. கோத்தர் மொழிக் கதைகளை அவருக்குச் சொன்னவர் சுள்ளி என்னும் கோத்தர். சுள்ளி சொல்லச் சொல்ல எமனோ எழுதினார். கதை சொல்பவரும் எழுதிக்கொள்பவரும் பேசும் வேகம் எப்படி இருக்கும்? எழுதுகோலின் வேகந்தான்.

இதே காலத்தில் பாலித் தீவில் மார்கரெட் மீடும் கிரிகரி பேட்சனும் வேறொரு வழியில் போனார்கள். 1936 முதல் 1938 வரை ஏறத்தாழ 25,000 ஒளிப்படங்களும் 22,000 அடி நீளமுள்ள 16 மில்லிமீட்டர் படச்சுருளும் எடுத்தார்கள். ஓர் அடிக்கு 40 படங்கள். வினாடிக்கு 16 படம் எனக் கணக்கிட்டால் சுமார் 15 மணி நேரம் ஓடும். தாய் குழந்தையைத் தூக்குவது, சீண்டுவது போன்ற அன்றாடச் செயல்கள் அதில் இருந்தன. ஆனால் உடன் ஒலி இல்லை.

படமும் ஒலியும் ஒன்றாக, மலிவாக, நீண்ட நேரம் பதிவாக வேண்டும். நூறடிச் சுருள் வினாடிக்கு 24 படம் வீதம் மூன்று நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும்; நல்ல பேச்சு தொடங்குவதற்குள் சுருள் முடிந்துபோகும். 1967-இல் சோனி நிறுவனம் தோளில் சுமக்கக்கூடிய வீடியோ நாடாக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறிற்று. காந்த நாடா, கழுவ வேண்டாம், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

இருபது சென்டிமீட்டர்

எதைப் பார்ப்பது என்பதையும் யாராவது சொல்லித்தர வேண்டுமல்லவா? அதைச் செய்தவர்களில் முதன்மையானவர் கலிஃபோர்னியாவின் ஹார்வி சாக்ஸ். 1974-இல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன் இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, உரையாடலில் முறை மாறுவதற்கு ஒழுங்கு உண்டு என்று காட்டியது. ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒருவரே பேசுகிறார். ஒருவர் முடிக்கும் இடத்தை மற்றவர் முன்கூட்டியே உணர்ந்து, இடைவெளி அதிகம் விடாமல் தொடங்குகிறார். மறு ஆண்டே சாக்ஸ் கார் விபத்தில் இறந்துபோனார்.

இந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்பதை நீங்களே உணரலாம். நண்பர் ஒருவர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். கீழ்முனையில் உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்திருங்கள். அவர் திடீரென்று விடும்போது பிடியுங்கள். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் விழுந்த பிறகே உங்கள் விரல் மூடும். தொலைவு, முடுக்கத்தின் பாதியை நேரத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது என்னும் சூத்திரத்தில் போட்டால் 0.2 வினாடி வரும். உரையாடலில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பொதுவாக உள்ள இடைவெளி இவ்வளவுதான். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 படம். அந்தக் கணக்கில் ஐந்தே படங்கள்.

இதில் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளின் படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல, மூளைக்கு அரை வினாடிக்கு மேல் தேவைப்படுகிறது. அப்படியானால் 0.2 வினாடியில் பதில் வருவது எப்படி? நீங்கள் கேட்டு முடிப்பதற்கு முன்பே எதிரிலிருப்பவர் பதிலைக் கட்டத் தொடங்கிவிட்டார் என்பதே பொருள். கேட்டுக்கொண்டிருப்பவர் சும்மா இருப்பதில்லை.

அவர் சும்மா இல்லை என்பதை வீடியோ வேறொரு வகையிலும் காட்டிற்று. "நேத்து வந்து... நேத்து வந்து எங்க மாமா..." என்று நாம் தொடங்கிய சொல்லையே மீண்டும் தொடங்குவதுண்டு. ஒலிநாடாவில் கேட்டால் இது தடுமாற்றம். தயார் செய்யாமல் பேசுவதன் குறை. சார்ல்ஸ் குட்வின் 1970களில் வீடுகளில் எடுத்த வீடியோக்களைப் படம் படமாகப் பார்த்தார். பேசத் தொடங்கும்போது கேட்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசுபவர் நிறுத்தி மறுபடி தொடங்குகிறார். அந்தக் கணத்தில் கேட்பவரின் பார்வை திரும்புகிறது. அந்தத் தடுமாற்றம், உண்மையில் ஒரு கூப்பிடல். 1981-இல் இது நூலாக வந்தது. காது குறையென்று சொன்னதைக் கண் திறமையென்று காட்டிய இடம் இது. நம் வீட்டுத் திண்ணையில் ஒருநாள் உட்கார்ந்தால் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம் கிடைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து ராசல் தீவுக்கு

இந்த வரலாற்றில் தமிழ்நாடு மறுபடி ஒருமுறை வருகிறது. 1970களில் ஸ்டீஃபன் லெவின்சன் என்ற ஆங்கிலேயர் கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கித் தமிழ்ப் பேச்சை ஆராய்ந்தார். யார் யாரை 'வாங்க' என்கிறார்கள், யாரை 'வா' என்கிறார்கள், கேட்க வேண்டியதை எப்படிச் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள் என்பவை அவருடைய கவனத்தை ஈர்த்தன. மெக்சிகோவில் செல்தால் மொழியை ஆராய்ந்த பெனலோப் பிரவுனுடன் சேர்ந்து, மரியாதைப் பேச்சைப் பற்றி 1978-இல் அவர் எழுதியது இன்றும் அத்துறையில் அடிப்படை நூல். கொங்குநாட்டுக் கிராமத்துப் பேச்சு அதற்கு மூன்று தூண்களில் ஒன்று.

பின்னாளில் லெவின்சன் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவரானார். பாப்புவா நியூகினியின் கிழக்குக் கோடியிலுள்ள ராசல் தீவில் பேசப்படும் இயேலி டின்யே என்னும் மொழியைத் தம் களமாகக் கொண்டார். அந்த நிறுவனத்தார் உலகின் பல மூலைகளிலும் மக்கள் தம் வீட்டு வாசலில் பேசிக்கொள்வதை வீடியோவில் எடுத்தார்கள். கதை சொல்லச் சொல்லவில்லை, ஆடச் சொல்லவில்லை. ஹாடனிலிருந்து நூறாண்டு கழித்து, கருவி கடைசியில் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

2009-இல் தான்யா ஸ்டைவர்ஸ் தலைமையில் லெவின்சன் முதலானோர் பத்து மொழிகளின் முடிவுகளை ஒன்றாக வெளியிட்டார்கள். ஆம், இல்லை என விடை தரக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கேள்வி முடிந்த கணத்துக்கும் விடை தொடங்கிய கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார்கள். பத்து மொழிகளின் சராசரி ஏறக்குறைய 200 மில்லி வினாடி. மிக வேகம் ஜப்பானியம்: 7 மில்லி வினாடி. மிக மெதுவாக டேனிய மொழி: 469. நமீபியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த மக்களின் மொழியும், லாவோஸ் மொழியும், ராசல் தீவு மொழியும் இந்தப் பட்டியலில் இருந்தன. நீண்ட மௌனத்துக்குப் பெயர்போன இனம், படபடவென்று பேசும் இனம் என்று பயணிகள் எழுதிய வேறுபாடெல்லாம் அரை வினாடிக்குள் அடங்கிவிட்டது. மெதுவானவர் என்று முதலிடம் பிடித்தவரோ காட்டில் வாழ்பவர் அல்லர். கோபன்ஹேகன் நகரத்தாரும் பேசும் மொழிக்காரர்.

அந்த ஆய்வில் விடை என்று எதைக் கணக்கிட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வாய்திறந்து சொன்னது மட்டும் விடை அன்று, தலையசைப்பும் விடையே. ராசல் தீவில் ஒருவர் 'ஆம்' என்பதற்குப் புருவத்தைச் சற்றே உயர்த்தினால் போதும்; சில வேளை கண்ணிமை மூடித் திறப்பதே விடையாகும். ஒலிநாடாவில் அந்த இடத்தில் என்ன இருக்கும்? காற்றின் இரைச்சல். குறிப்பேட்டில் என்ன இருக்கும்? பதில் இல்லை என்ற குறிப்பு. என் மதிப்பெண் தாளில் இருந்த சுழிபோல.

மௌனத்தைப் பற்றியே நேரடியாக நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் நீண்ட மௌனத்தைப் பொருட்படுத்துவதில்லை, ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதும் இல்லை என்பது அந்நாட்டு அறிஞர்களிடையே வழங்கிய கருத்து. கார்ப்பென்டாரியா வளைகுடாவை ஒட்டிய பகுதியில் கர்வா மொழி பேசும் மூதாட்டியரின் உரையாடலை இலானா முஷினும் ராட் கார்ட்னரும் ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். (இவர் வேறு கார்ட்னர், பெயர் ஒற்றுமைதான்.) மௌனங்கள் நீளமாகத்தான் இருந்தன. ஆனால் அந்த மூதாட்டியர் நாள்முழுதும் ஒன்றாக இருப்பவர்கள். செய்து முடிக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. அப்படி அருகருகே உட்கார்ந்திருக்கும்போது யாராயிருந்தாலும் பேச்சு விட்டுவிட்டுத்தான் வரும். மௌனத்தை இனத்தின் குணம் என்று சொல்வதைவிட அந்த நேரத்தின், அந்த இருக்கையின் குணம் என்று சொல்வது பொருந்தும். ஜோ பிளைத் முதலானோர் இவர்களோடு சேர்ந்து, முர்ரின்பதா உள்ளிட்ட மொழிகளின் வீடியோக்களைக் கொண்டு 2018-இல் மற்றொன்றைக் காட்டினார்கள். அடுத்துப் பேச வேண்டியவரைப் பார்வையாலும் கையாலும் சுட்டுவது அங்கேயும் நடக்கிறது. பார்த்துப் பேசுவதில்லை என்று சொன்ன முந்தைய அறிஞர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். அரை வினாடிப் பார்வையைப் பிடித்து வைக்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். எதிரே கருவியை வைத்தால் எவர் இயல்பாகப் பேசுவார்? நியாயமான ஐயம். ஒரு சொட்டு வெந்நீரின் வெப்பநிலையை அளக்கப் பெரிய வெப்பமானியை நுழைத்தால், வெப்பமானியே வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நாம் படிப்பது நீரின் வெப்பநிலை ஆகாது. இயற்பியலில் இதற்கு மாற்று, கருவியைச் சிறிதாக்குவதும் நேரத்தை நீட்டுவதும். வீடியோ ஆய்வாளரும் அதையே செய்கிறார்கள். கருவியை முக்காலியில் நிறுத்திவிட்டு அகன்று போய்விடுகிறார்கள். முதல் சில நிமிடங்களை ஒதுக்கிவிடுகிறார்கள். அடுப்பில் பால் பொங்கும்போதும் பிள்ளை அழும்போதும் கருவியின் நினைவு யாருக்கும் இருப்பதில்லை. கையில் குறிப்பேட்டோடு முன்னே உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டவரோடு ஒப்பிட்டால் இந்த வெப்பமானி எவ்வளவோ சிறியது. காட்டுப் பொருளுக்கு விலை வைக்கும் ஒப்பந்தக்காரரும், வழக்குப் போடும் அதிகாரியுமே பல தலைமுறையாக வெளியாராக வந்துபோன மலையில், புதிய ஆள் ஒருவர் முன்னே யார் எவ்வளவு பேசுவார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒருவர் மட்டும் இருந்தால்

இவ்வளவு மெனக்கெட்டு அன்றாடப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமா, அகராதியும் இலக்கணமும் போதாவா என்று கேட்பவர்கள் அந்தமானை நினைக்க வேண்டும். பேராசிரியர் அன்விதா அப்பி 2005 முதல் பெரிய அந்தமானிய மொழிகளை ஆவணப்படுத்தினார். அவருக்கு உதவியவர்களில் ஒருவர் முதிய போவா. அக்கா-போ மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். 2004 ஆழிப்பேரலையிலிருந்து தப்பியவர். சொற்களைத் தந்தார், பாட்டுகளைப் பாடினார், கதைகளைச் சொன்னார், எல்லாம் பதிவாகின. ஆனால் தம் மொழியில் பேச அவருக்கு எதிரே ஆள் இல்லை. சுற்றியிருந்தவர்களோடு பேச இந்தியைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பறவைகளிடம் தம் மொழியில் பேசிக்கொண்டிருப்பார் என்று சொல்வார்கள். 2010 சனவரியில், ஏறத்தாழ 85 வயதில் அவர் இறந்தார்.

பாட்டை ஒருவர் பாடிவிடலாம். பெயர்ச்சொல்லை ஒருவர் சொல்லிவிடலாம். கேள்வி முடியும் முன்பே பதிலைக் கட்டத் தொடங்கும் அந்த ஐந்து படங்களின் வித்தைக்கு இருவர் வேண்டும். ஒரு மொழி மறையும்போது முதலில் போவது இதுதான். கடைசிப் பேச்சாளர் உயிரோடு இருக்கும்போதே இது போய்விடுகிறது. அந்த மொழியில் 'ஆம்' என்பதற்குப் புருவம் உயர்ந்ததா, நாக்கு அண்ணத்தில் தட்டியதா, பதிலுக்கு முன் எவ்வளவு பொறுத்திருப்பது மரியாதை என்பதையெல்லாம் அகராதியில் எழுதி வைக்க இடமில்லை.

பளியர் குடியிருப்புகளில் பேசுவதற்கு இருவர் அல்லர், பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கீழே உள்ள பள்ளிகளுக்கு வந்து, சமவெளித் தமிழில் கேட்கும் ஆசிரியர் முன்னே நிற்கிறார்கள். ஆசிரியர் எவ்வளவு பொறுக்கிறார்? மேரி பட் ரோ என்னும் அறிவியல் கல்வியாளர் அமெரிக்க வகுப்பறைகளை ஒலிநாடாவில் பதிவு செய்து 1970களின் முற்பகுதியில் கண்டது: கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரே ஒரு வினாடிதான் பொறுக்கிறார், பிறகு தாமே சொல்லிவிடுகிறார், அல்லது அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார். மூன்று வினாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. விடையே வராத கேள்விகள் குறைந்தன. வாய் திறக்காதவர்கள் என்று எண்ணப்பட்ட பிள்ளைகள் பேசினார்கள். அன்றைய தேர்வில் நான் எவ்வளவு பொறுத்தேன் என்பதற்குப் பதிவு இல்லை. இப்போதெல்லாம் மனத்துக்குள் மூன்று எண்ணுகிறேன். எண்ணும்போது தாளைப் பார்ப்பதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

வினாடிக்கு 30 படம் எடுக்கும் கருவி இன்று கைபேசியிலேயே இருக்கிறது. நைமேகன் நிறுவனத்தார் உருவாக்கிய ஈலான் என்னும் கணிப்பொறி நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. படத்தின் கீழே காலக்கோடு ஓட, யார் எப்போது பேசினார், எப்போது பார்த்தார், எப்போது கையசைத்தார் என்பதைத் தனித்தனி வரியில் குறிக்கலாம். நிரல் இல்லாவிட்டாலும் படம் படமாக நகர்த்திப் பார்க்கும் வசதி போதும்.

சிவகாசி, திருத்தங்கல் பக்கத்து வாசகர்களுக்கு நல்ல களம் ஒன்று இருக்கிறது: வீட்டு வாசலில் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டே பேசும் இடங்கள். (ஆலைக்குள் கைபேசியைக் கொண்டுபோவதை மறந்தும் நினைக்காதீர்கள், அங்கே அதற்குத் தடை இருப்பது காரணத்தோடுதான்.) கையும் கண்ணும் வேலையில் இருக்கும், அருகருகே உட்கார்ந்திருப்பார்கள், முகம் பார்ப்பது அரிது. முதலில் அவர்களிடம் இசைவு கேளுங்கள். எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். எடுத்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். கைபேசியை எல்லாரும் தெரியும்படி திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். அரைமணி நேரம் போதும்.

பிறகு பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுங்கள். கேள்வியின் கடைசி ஒலி முடிந்த படத்திலிருந்து பதில் தொடங்கும் படம் வரை எண்ணி, 30-ஆல் வகுங்கள். சில இடங்களில் எண்ணவே முடியாது; பதில் கேள்விக்கு முன்பே தொடங்கியிருக்கும். சில இடங்களில் நூறு படங்கள் கடந்தும் குரல் வராது. அந்த இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சுருட்டிக்கொண்டிருந்த கை எந்தப் படத்தில் நின்றது என்று பாருங்கள்.